பொறி அணைந்த பிறகு

ராத்திரி ஒரு மணி வாக்கில்தான் அது தெரியவரும். பகலில் ஒன்றும் ஆகியிருக்காது. பொறி பறந்தது, நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது, வேலை முடிந்தது, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தாயிற்று. நடுச்சாமத்தில், யாரோ ஒரு கை ஆற்றுமணலைக் கண்ணுக்குள் போட்டு இமையைக் கசக்கியது போல எரிச்சல் எழுப்பிவிடும். விளக்கைப் போட்டால் ஊசியாகக் குத்தும். கண்ணீர் நிற்காது. வீட்டுப் பெரியவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்கள்: "கண்ணுல வெல்டிங் அடிச்சிருச்சு."

எட்டு வயதில் எனக்கு அடித்தது. வாசலுக்குக் கேட் மாட்ட வந்திருந்தார்கள். நான் ஹோல்டரைத் தொடவில்லை, கேபிளை மிதிக்கவில்லை. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். வெல்டிங் வைத்த அண்ணன் மறுநாள் காலையில் சுகமாக வந்து கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் சாத்திய அறையில் ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

அடி தாமதமாக விழுகிறது. சில சமயம் செய்தவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்மேல் விழுகிறது. ஆர்க் வெல்டிங்கின் பாதுகாப்பு பற்றிய சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கைத்தொழில் எதையும் வலிதான் கற்றுக்கொடுக்கிறது. காய்ந்த இரும்பைத் தொட்ட பையன் மறுபடி தொடமாட்டான். அவனுக்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் தவறுக்கும் வலிக்கும் நடுவே பத்து மணி நேரமோ, ஒரு நாளோ, இருபது வருஷமோ விழுந்துவிட்டால் கைக்குப் பாடம் ஏறாது. பாதுகாப்புக் கையேடுகள் கண், தோல், நுரையீரல் என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதும். கடிகாரத்தை வைத்துப் பிரித்தால்தான், தெரிந்தே ஏன் இந்தத் தவறுகள் நடக்கின்றன என்பது விளங்கும்.

அவை நடக்கிற இடத்தை முதலில் காட்டிவிடுகிறேன். கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பி, வத்திராயிருப்பைக் கடந்து மலையை நோக்கிப் போனால் மகாராஜபுரம். சதுரகிரிக்குப் போகிறவர்கள் தாணிப்பாறைக்குச் செல்லும் வழியில் பார்க்கிற ஊர். நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அதற்கு மேல் மலை. இப்படிப்பட்ட அடிவார ஊர்களில் வெல்டிங் பட்டறைக்கு வருவது கப்பல் வேலையோ கொதிகலன் வேலையோ அல்ல. டிராக்டர் டிரெய்லரின் உடைந்த கொக்கி, சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீலில் விட்டுப்போன பட்டை, தோப்புக்குக் கேட், மாட்டுத் தொழுவத்தின் தகரக் கூரைக்குச் சட்டம், அறுப்பு இயந்திரத்தில் ஒடிந்த ஏதோ ஒரு பாகம். பாதி வேலை பட்டறைக்கே வராது. பட்டறைதான் வேலையைத் தேடிப் போக வேண்டும். தோளில் மாட்டிக்கொள்ளும் எடைக்கு இன்வெர்ட்டர் மெஷின்கள் வந்தபின் அது இன்னும் சுலபம். வயலோரம், வைக்கோல் போர் பக்கம், கிணற்று மேடு என்று கரண்ட் எட்டுகிற இடமெல்லாம் பட்டறை.

வெல்டருக்கு முன்னால் இந்த ஊர்களில் கொல்லர் இருந்தார். அவருடைய வேலையே தீயைப் பார்ப்பதுதான். உலையில் இரும்பு செங்கல் நிறத்தில் இருக்கிறதா, மஞ்சளுக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் பதம் பார்த்துத்தான் சம்மட்டி அடிக்கச் சொல்வார். துருத்தி இழுக்கிற சிறுவனும் நாளெல்லாம் அந்தத் தீயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஆர்க் அப்படியல்ல, அது பார்க்கக் கூடாத தீ. தலைமுறை தலைமுறையாகத் தீயைப் பார்த்தே வேலை செய்த பட்டறைப் பழக்கம், கருப்புக் கண்ணாடியை இடைஞ்சலாக நினைக்கிற பழக்கமாக மாறி வந்துவிட்டதோ என்பது என் சந்தேகம். கண்ணாடி வழியே பார்த்தால் ஆர்க் பிடிக்கும்வரை ஒன்றும் தெரியாது. ராடை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்க வேண்டும். அதனால் சின்ன டச் வைப்பதற்கெல்லாம் கண்ணாடி எடுப்பதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டோ, முகத்தைத் திருப்பிக்கொண்டோ ஒரு டச். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை டச் என்று யாரும் எண்ணுவதில்லை. கருவிழி எண்ணிக்கொள்கிறது.

நடப்பது இதுதான். ராடின் முனைக்கும் இரும்புக்கும் இடையே தாவுகிற அந்த வில்லின் வெப்பம் சூரியனின் மேற்பரப்புக்கு நிகரானது, அதையும் மிஞ்சக்கூடியது. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் மிகக் கடுமையான பகுதியை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. பட்டறையில் ஆர்க்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வளிமண்டலமும் இல்லை, ஓசோனும் இல்லை, மூன்றடி காற்றுதான். கதிரைக் கருவிழியின் மேல்தோல் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் செல்கள் அப்போதே சாவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் செத்து உதிர, அடியிலிருக்கும் நரம்பு முனைகள் வெளியே தெரிகின்றன. அதுதான் நடுராத்திரி மணல். புதுத் தோல் வளர ஒன்று, இரண்டு நாள் ஆகும். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அதனால்தான் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதுமில்லை.

கெடுதல் பெரும்பாலும் வைத்தியத்தில் வருகிறது. நம் பக்கத்தில் கண் எரிந்தால் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். வெல்டர்கள் உருளைக்கிழங்கை வில்லையாக அரிந்து வைத்துக் கட்டுவார்கள். மூடிய இமைக்கு மேலே குளிர்ச்சிக்காக வைத்தால் குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மேல்தோல் உரிந்த கருவிழிக்குள் கிருமி நீக்காத எதை விட்டாலும் அது புண்ணுக்குப் போடுகிற பாதை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் பத்தாயிரம் பேருக்கு 11 பேர் வீதம் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது; அமெரிக்காவில் இருப்பதைப்போல இது பத்து மடங்கு. அந்தப் புண்களுக்கு வெல்டிங் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயலில் கதிர் கிழிப்பதும் தூசி விழுவதும்தான் பெரும்பாலும். கருவிழியில் ஒரு கீறல் கிடைத்தால் நம் மண்ணில் கிருமி காத்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு வைத்தியம் இதைவிட மோசம்: மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து. போட்ட நிமிஷத்தில் வலி பறந்துவிடும். ஆனால் அடிக்கடி போட்டால் தோல் வளர்வதே நின்றுவிடும். வலி தெரியாத கண்ணை ஆள் கசக்கிக்கொண்டே இருப்பார். இருட்டறை, மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத் துணி, ஒரு வலி மாத்திரை, கசக்காமல் இருப்பது, இவையே முதலுதவி. பார்வை மங்கினாலோ, ஒரு கண் மட்டும் நோவாக இருந்தாலோ, இரண்டு நாளில் தெளியாவிட்டாலோ கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் என்றால் அது ஆர்க் அல்ல, கிரைண்டரில் தெறித்த இரும்புத் துகளாக இருக்கலாம். அதைத் துண்டு முனையால் எடுத்துவிடுகிற கைராசிக்காரர் ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் கண்ணைக் காட்டாதீர்கள்.

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கமாகப் போன வளையச் சூரிய கிரகணத்தின்போது, வெல்டிங் கண்ணாடி வழியே பார்க்கலாமா என்று ஊரெல்லாம் பேச்சு. கருமை 14ஆம் நெம்பர் என்றால் பார்க்கலாம் என்பது அறிவுரை. சூரியனைப் பார்க்க இத்தனை யோசித்த நாம், தெருவோரப் பட்டறையின் சூரியனைக் கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றி யோசிப்பதில்லை. சாதாரணமாக 2.5, 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 10ஆம் நெம்பர் கண்ணாடி, கரண்ட் கூடினால் 11. கூலிங் கிளாஸ் எந்த நெம்பரிலும் சேராது. எல்லாரும் மறந்துபோவது ஹெல்ப்பரை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்குக் கருப்புக் கண்ணாடி கொடுத்தால் அவனுக்கு வேலை தெரியாது. அதனால் ஒன்றுமே கொடுப்பதில்லை. நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடிகூடப் புற ஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கை நேராகப் பார்க்கலாம் என்று பொருளல்ல; நீல வெளிச்சம் விழித்திரையைச் சுட்டுவிடும். பக்கவாட்டில் வந்து விழும் வெளிச்சத்துக்கு அது போதும். தானாகக் கருக்கும் ஹெல்மெட் வந்திருக்கிறது. ஆர்க் பிடித்த மறுகணம் கருக்கும், அதற்கு முன் வேலை தெளிவாகத் தெரியும், தெளிவாக இருக்கும்போதும் புற ஊதாவை விடாது. டச் வைக்கக் கண்ணை மூடும் பழக்கத்துக்கு முடிவு கட்டுகிற பொருள் இது ஒன்றுதான். சின்னப் பட்டறைக்காரர் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி கடிகாரத்தைச் சுழியத்துக்குத் திருப்புவோம். தாமதமே இல்லாமல் அடிப்பது மின்சாரம். அதில்கூட ஒரு வார்த்தை ஆளை ஏமாற்றுகிறது.

மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வெளியே வரும். ஒன்று ஹோல்டருக்கு. மற்றொன்று வேலைப் பொருளில் கவ்வுவது. அதை எல்லாரும் 'எர்த்' என்கிறார்கள். "எர்த் மாட்டியாச்சாடா?" "மாட்டியாச்சுண்ணே." ஆனால் அது எர்த் அல்ல. வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போகிற வழி, அவ்வளவுதான். உண்மையான எர்த் என்பது மெஷினின் இரும்பு உடம்பை மண்ணோடு இணைக்கிற மூன்றாவது கம்பி. உள்ளே 230 அல்லது 415 வோல்ட் வருகிற கம்பி உரசி உடம்பைத் தொட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். வயலோரத்தில் பிளக் கிடைக்காமல் இரண்டு கம்பியைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியை அடைகொடுத்து ஓட்டுகிறோமே, அங்கே அந்த மூன்றாவது கம்பி இல்லவே இல்லை. கேட்டால் "எர்த் இருக்கே" என்று கவ்வியைக் காட்டுவார்கள். ஒரே பெயர் இரண்டு கம்பிக்கும் போனதால் தொலைந்த உயிர்கள் உண்டு என்றே நினைக்கிறேன். கவ்வியை 'ரிட்டர்ன்' என்று சொல்லிப் பழகினால் செலவில்லாமல் ஒரு ஆபத்து குறையும்.

ஹோல்டர் பக்கம் வோல்ட் குறைவுதானே என்பார்கள். ஆர்க் எரியும்போது 20, 30 வோல்ட், உண்மைதான். எரியாமல் சும்மா இருக்கும்போது பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். அதாவது, வேலை நடக்கும்போதைவிட நடக்காதபோது ஆபத்து அதிகம். ராடு தீர்ந்து, வெறுங்கையால் புது ராடைச் சொருகுகிற அந்த நொடிதான் மோசமானது. காய்ந்த தோலாக இருந்தால் ஒரு சுருக்கோடு போய்விடும். நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டுக்கு 80 மில்லி ஆம்பியர் பாயும். 30 மில்லி ஆம்பியரிலேயே மூச்சுத் தசைகள் இறுகிக்கொள்ளலாம், அதற்கு மேல் இதயம் தாளம் தப்பும். சித்திரை வெயிலில் சட்டை பிழிய வியர்த்துக்கொண்டு இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து வேலை செய்கிறவரும், உழவு நிற்கக்கூடாதே என்று சேற்றில் கால் வைத்தபடி கேஜ் வீலுக்கு டச் வைக்கிறவரும் இந்தக் கணக்குக்குள் நிற்கிறவர்கள். ஈரமும் நெருக்கமும் உள்ள இடங்களுக்கு அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதி, சும்மா நிற்கும் மாற்று மின்னழுத்தம் 48 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பழைய மெஷின் தாண்டும். சும்மா இருக்கும்போது வோல்ட்டைத் தானே இறக்கிவிடுகிற வசதியோடு இப்போது மெஷின்கள் வருகின்றன. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். வீட்டில் மின்கசிவுத் தடுப்பான் மாட்டியிருக்கிறோம், ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். மெஷினுக்குள் வருகிற பக்கத்தில் கசிவு என்றால் ஆகும். ஹோல்டர் பக்கத்தில் அடித்தால் ஆகாது. மெஷின் உள்ளே இரண்டு பக்கமும் தொடர்பின்றிப் பிரிந்திருப்பதால் அந்தக் கசிவு தடுப்பானுக்குத் தெரியவே தெரியாது. அங்கே காப்பாற்றுவது காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி போட்ட செருப்பு அல்லது பூட்ஸ், காலுக்கடியில் ஒரு காய்ந்த பலகை. மூன்றும் நம்மிடம் கிடைக்காத பொருளல்ல. வெயிலில் கையுறை நனைந்துவிட்டால் காய்ந்த ஜோடி ஒன்று மாற்றுவதற்கு வேண்டும். அதுதான் யாரிடமும் இருப்பதில்லை. ரிட்டர்ன் கவ்வியையும் வேலைக்குப் பக்கத்தில் கவ்வ வேண்டும். கேட்டின் ஒரு மூலையில் வெல்டிங் வைத்துக்கொண்டு, கவ்வியைப் பத்தடி தள்ளி இன்னொரு தூணில் மாட்டினால் கரண்ட் தனக்குப் பிடித்த வழியில் திரும்பும். அது சங்கிலி வழியாகவோ, பேரிங் வழியாகவோ, சாய்ந்து நிற்பவர் வழியாகவோ இருக்கலாம். யாராவது பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை அணைப்பதும், 108ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குவதும் பட்டறையில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரை மணி, ஒரு மணி நேரக் கணக்கில் வருவது தீ. வெல்டிங் பொறி பத்து மீட்டர் தூரத்துக்கும் போகும். அடிவாரத்தில் ஆனி ஆடிக் காற்று அடிக்கும்போது அது எங்கே போய் விழும் என்று சொல்லவே முடியாது. விழுந்த இடம் தென்னங்கீற்று, வைக்கோல், தேங்காய் நார் என்றால் உடனே சுடர் தெரிய வேண்டியதில்லை; உள்ளே கனிந்துகொண்டிருக்கும். ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து பஞ்சோடு வாழ்கிற ஊர் அது. பஞ்சுப் பேலுக்குள் நுழைந்த பொறி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து பிறகு எழும் என்பது அங்கே பாலபாடம். ஒழுங்காக நடக்கிற ஆலையில் வெல்டிங் வைக்க எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், தண்ணீர் வாளியோடு ஆள் நிற்க வேண்டும், முடிந்த பிறகும் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிகள் இந்தக் காவலை முன்பு அரை மணி என்று வைத்திருந்தன. பிறகு ஒரு மணி நேரமாக உயர்த்தின. அதே ஆலைக்கு வெளியே, தொழுவத்துக்குக் கூரை போட வந்த பட்டறை ஆட்கள் கடைசி டச் வைத்த ஐந்தாவது நிமிஷம் டீக்கடையில் இருப்பார்கள்.

உலகத்தின் பெரிய வெல்டிங் தீ விபத்துகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதையாக இருக்கும்: வெல்டர் நின்ற இடத்தில் ஒன்றும் எரியவில்லை, கீழேயோ பின்னாலோ எரிந்தது. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே சாலையில் வெல்டிங் நடந்தது. உருகிய இரும்பு இணைப்பு வழியாகச் சொட்டிக் கீழ்த்தளக் கூரையின் பாலிஸ்டைரீன் பலகையைப் பற்றவைத்தது. 17 பேர் இறந்தார்கள். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கம் ஒன்றில் வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும்போதே வெல்டிங் வேலை நடந்தது. பொறி எரியக்கூடிய பொருள்கள்மேல் விழுந்து 27 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற மாபெரும் பயணிகள் கப்பல் தீப்பிடித்து, பிறகு கவிழ்ந்தது. அது கேஸ் கட்டிங் பொறி, ஆர்க் அல்ல. பொறிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது விழுந்தது உயிர்காப்புச் சட்டைக் குவியலின்மேல். அந்தச் சட்டைகளில் அடைத்திருந்தது இலவம்பஞ்சு. போடிப் பக்கத்தில் மெத்தைக்கு அடைக்கிற அதே இலவம்பஞ்சு.

காத்திருக்காத தீயும் ஒன்று உண்டு. காலி டிரம். தார் டிரம்மை அறுத்துத் தகடு எடுப்பது, லாரியின் டீசல் டேங்க் ஒழுக்கை அடைப்பது, பெட்ரோல் கேனுக்குக் கைப்பிடி ஒட்டுவது எல்லாம் பட்டறைக்குத் தினசரி வருகிற வேலை. 'காலி' என்ற சொல்தான் இங்கே கொல்கிறது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்கு கலந்திருந்தால் வெடிக்கும். 200 லிட்டர் டிரம்முக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஒரு மேசைக்கரண்டி பெட்ரோல் போதும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் ஆபத்தானது என்று சொன்னால் சிரிப்பார்கள். 1978 அக்டோபர் 12 அன்று சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலில் கட்டிங் டார்ச்சின் தீ, எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவியைத் தொட்டது. 76 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் தொழிற்சாலை விபத்துகளில் இன்றுவரை அதுவே கொடியது. நம் பிள்ளைகள் சிங்கப்பூர் போனதும் முதலில் உட்கார வைக்கப்படுகிற 'சேஃப்டி கோர்ஸ்' பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. ஊர்ப் பட்டறைக்கு என் சொல் சுருக்கமானது: எரிபொருள் இருந்த எதையும் வெல்டிங் வைக்காமல் திருப்பி அனுப்புங்கள். நீராவியால் கழுவி, வாயு இல்லை என்று கருவியால் சோதித்துச் செய்கிற இடங்கள் வேறு. ஒரு தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுவது சுத்தம் செய்ததாகாது.

அன்று சாயங்காலம் தொடங்கி மறுநாள்வரை நீள்வது காய்ச்சல். ஜிஐ பைப்பிலும் நாகம் பூசிய தகட்டிலும் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை எழும். அது துத்தநாக ஆக்சைடு. சாயங்காலம் வாயில் ஒரு மாதிரி இனிப்பு, உலோகச் சுவை, பிறகு குளிரும் நடுக்கமும் காய்ச்சலும். ஒரு நாளில் விட்டுவிடும். தொடர்ந்து முகர்ந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் போய்விடும். திங்கட்கிழமை மறுபடி காய்ச்சல். அதனால் மேலை நாடுகளில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர் உண்டு. இங்கே மலேரியா பரிசோதனை வரை போய் வந்தவர்கள் இருப்பார்கள். பால் குடித்தால், வெல்லம் கடித்தால், வாழைப்பழம் தின்றால் புகை வயிற்றோடு இறங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. வெல்டிங் வைக்கும் இடத்தில் மட்டும் நாகப்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும்.

இருபது வருஷம் கழித்து வருவதைப் பற்றிப் பட்டறையில் பேசவே முடியாது, சிரித்துவிடுவார்கள். ஆனால் பேசியாக வேண்டும். 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் புகையையும் வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப்படுத்தி முதல் பிரிவில் சேர்த்தது. பீடியும் கல்நாரும் இருக்கிற பிரிவு. உலகில் வெல்டர் என்ற பெயரில் வேலை செய்வோர் ஒரு கோடியே பத்து லட்சம் பேர். பெயரில்லாமல் அந்தப் புகையில் நிற்பவர்கள் அதைப்போல் பத்து மடங்கு என்பது அந்த முகமையின் மதிப்பீடு. எஃகுக்குத் தகுந்த விஷம்: எஸ்.எஸ். கைப்பிடியில் குரோமியம், சாதா இரும்பிலும் மாங்கனீசு. பின்னது அளவு மிஞ்சினால் நரம்பைத் தாக்கிக் கை நடுக்கம், நடை தடுமாற்றம் வரை கொண்டுபோகும். புகையில் பெரும்பகுதி வேலைப் பொருளிலிருந்து வருவதல்ல, ராடிலிருந்தும் அதன் பூச்சிலிருந்தும் வருவது. 1900களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி ராடுக்குப் பூச்சுப் பூசியதால்தான் பற்றவைப்பு உறுதியானது. புகையும் அதே பூச்சோடு வந்தது. 2019இல் பிரிட்டன், சாதா இரும்புக்கும் பட்டறைக்குள் புகை உறிஞ்சி இல்லாமல் வெல்டிங் கூடாது என்று கடுமையாக்கியது. வெல்டர்களுக்கு நிமோனியா எளிதில் பற்றுவதால் அதற்குத் தடுப்பூசியும் அங்கே பரிந்துரைக்கிறார்கள்.

மகாராஜபுரத்துப் பட்டறையில் புகை உறிஞ்சி வைக்கச் சொல்வது வேடிக்கை. ஆனால் அங்கே பிரிட்டிஷ் பட்டறையில் இல்லாத ஒன்று இருக்கிறது: திறந்த வெளியும் மேல்காற்றும். புகை நேர் மேலே எழும். குனிந்து, அந்தப் புகைத் தூணுக்குள் தலையை நீட்டி வேலை செய்வதுதான் நம் வழக்கம். காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தாலே மூக்குக்குப் போவது பெரிதும் குறையும். முகத்தில் கட்டுகிற ஈரத் துண்டு இந்த நுண்துகளைப் பிடிக்காது. மூடிய தொட்டிக்குள், அடைத்த கடைக்குள் வேலை என்றால் இந்தக் காற்று யோசனையெல்லாம் செல்லாது. அங்கே தகுந்த முகக்கவசமும் வெளியே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது.

விதிகளுக்குக் குறைவில்லை. மின், வாயு வெல்டிங்கின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 818 என்ற இந்தியத் தரநெறி இருக்கிறது. கண்ணுக்கு ஐ.எஸ். 1179, தீக்கு ஐ.எஸ். 3016. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் கண் பாதுகாப்புக்கென்றே 35ஆம் பிரிவு இருந்தது. ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியது. உரிமையாளர், அவர் மச்சான், ஒரு ஹெல்ப்பர் என்று மூன்று பேர் உள்ள பட்டறையை எந்த எண்ணும் தொடாது. திருச்சியில் பெல் நிறுவனமும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஐடிஐயில் வெல்டர் பிரிவின் முதல் பாடமே பாதுகாப்புதான். அறிவு மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது. சிங்கப்பூரில் ஐந்து வருஷம் ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாமல் ஒரு ராடு எரிக்காத ஆள், ஊருக்கு வந்த மறுவாரம் வெறுங்கையோடு, செருப்பில்லாமல் ஆர்க் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அறிவு குறைந்துவிடவில்லை. அங்கே வேலையை நிறுத்த ஓர் ஆள் இருந்தார். இங்கே கேட்டுக்குக் கிலோ கணக்கில் விலை. கண்ணாடிக்கும் காவல் நிற்கிற ஒரு மணி நேரத்துக்கும் தராசில் எடை கிடையாது.

சட்டம் எட்டாத, வலியும் நேரத்துக்கு வராத ஒரு தொழிலில், வேலையை நிறுத்தச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் மிச்சம். காசு கொடுக்கிறவர். அதனால் இதை வெல்டருக்குச் சொல்வதைவிட, கேட் செய்யச் சொல்லியிருக்கிற உங்களிடம் சொல்வதே சரி என்று படுகிறது. விலை பேசும்போது மெஷினுக்கு மூன்று கம்பி பிளக் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் அதைச் செய்து கொடுங்கள். வெல்டிங் வைக்கும் இடத்துக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பழைய தகரத்தை நிறுத்துங்கள். ஹெல்ப்பர் தம்பிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வைக்கோலையும் கீற்றையும் அப்புறப்படுத்தி ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகு, ஒரு மணி நேரம் கழித்து, அந்த இடத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.